மெஹருன்னிசாவுக்கு முன்னால் ஒரு சொல்

"பொம்பளைப் பேரைக் கலியாணக் கடுதாசியில அடிச்சு ஊர்ல கண்டவன் கையிலயும் குடுக்கணுமாக்கும். நாளைக்கு அதுல வடை மடிப்பான், எண்ணெய் ஒத்துவான், தெருவுல போடுவான், போறவன் வாறவன் மிதிப்பான். உனக்கு என்ன வந்துது புள்ளே?" என்று காக்கா கேட்டார். கேட்டுவிட்டு ஹாலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இழுத்த சத்தத்திலேயே தெரிந்தது, பதில் வாங்காமல் எழுந்து போகிற உட்காரல் இல்லை அது. திரைக்கு இந்தப் பக்கம் மெஹருன்னிசா தலை நிறைய மருதாணியை அப்பிக்கொண்டு, கழுத்தில் பழைய துண்டும் விரல்களில் பச்சைச் சேறுமாக முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்தேழு வயது அண்ணனுக்கு முன்னால் ஐம்பத்திரண்டு வயதுத் தங்கை இந்தக் கோலத்தில் வந்து நிற்பதற்கு மார்க்கத்தில் தடை ஒன்றும் இல்லை. அவளுக்குத்தான் மனசில்லை. சண்டை போடுகிறபோது முகம் நன்றாக இருக்க வேண்டும், அல்லது முகம் தெரியக் கூடாது. அதனால் திரை. "எனக்கு ஒண்ணும் வரலை காக்கா. என் மக கலியாணம் வருது. நான்தானே பெத்தேன்?" என்றாள். "பெத்தது ஊருக்கே தெரியுமே, அதை வேற அடிச்சுச் சொல்லணுமா?" என்றார் அவர். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "உன் பேரு அதுல இருந்தா என் பேரு அதுல இருக்காது. பந்தல் வாசல்ல யாரை வேணும்னாலும் நிறுத்திக்க." ஹாலில் மின்விசிறி டக் டக் என்று ஒரு சுற்றுக்கு ஒரு தரம் தட்டியது. போன மாதமே எலெக்ட்ரீஷியனுக்குச் சொன்னாள், வருகிறேன் என்றான், இந்த ஊரில் வருகிறேன் என்றால் வரமாட்டேன் என்று அர்த்தம். மருதாணி பதினொன்றேகாலுக்கு அப்பியது, பாக்கெட்டில் ஒரு மணி நேரம் என்று போட்டிருக்கிறது. மத்தியானத் தொழுகை லுஹருக்கு பாங்கு சொல்வதற்குள் பிரஸ்ஸுக்குப் பதில் போக வேண்டும். போகாவிட்டால் காக்கா முதலில் எழுதிக் கொடுத்தபடியே, அவள் பேர் இல்லாமல், மெஷினில் ஏற்றிவிடுவார்கள். ஆக, அவள் சும்மா இருந்தாலே காக்கா ஜெயித்தார். சும்மா இருப்பது எப்படி என்று ஐம்பத்திரண்டு வருஷமாக அவளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மடியில் புரூஃப் கிடந்தது. மர்ஹூம் கல் வியாபாரம் செ.மு. ஸதக்கத்துல்லா, மர்ஹூமா மெஹருன்னிசா ஆகியோரின் ஏக புதல்வி நஃபீலா. காலையில் முதல் தடவை படித்தபோது சிரிப்புத்தான் வந்தது. மர்ஹூம் என்றால் காலஞ்சென்றவர், பொம்பளையாக இருந்தால் மர்ஹூமா. புருஷன் ஸதக்கத்துல்லா மச்சான் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது, அவருக்கு அந்தச் சொல் சரி. இவள் பல் தேய்த்து, சுபுஹு தொழுது, இட்லி ஊற்றி, இரண்டு இட்லி தின்றுவிட்டு உட்கார்ந்து தன்னைக் காலஞ்சென்றவளாகப் படித்தாள். பிரஸ் அண்ணாச்சிக்குப் போன் போட்டபோது அவர் குரல் உடைந்துவிட்டது. "நான்தாம்மா போட்டேன். முப்பது வருசமா உங்க ஊர்க் கடுதாசி அடிக்கேன், பொம்பளையாள் பேரு வந்ததே இல்ல. வாப்பாவுக்கு மர்ஹூம் இருக்கு, தாய்மாமா அழைக்காரு, சரி, தாயாரும் தவறிட்டாங்க போல, அதான் ஞாபகார்த்தமா பேரு போடச் சொல்லுதாங்கன்னு நெனச்சேன். மனசு சங்கடப்பட்டுத்தாம்மா போட்டேன்." மனசு சங்கடப்பட்டுப் போட்டாராம். அவரைத் திட்டுவதற்கு என்ன இருக்கிறது. அந்த மனுஷன் கணக்கில் தப்பே இல்லை, உயிரோடு இருக்கிற பொம்பளைக்குக் கடுதாசியில் இடம் கிடையாது, இடம் இருந்தால் அவள் உயிரோடு இல்லை. காக்காவுக்கும் அதே புரூஃப் போனில் போயிருந்தது. அவர் வீட்டிலிருந்து இங்கே வருவதற்கு நாலு நிமிஷம்; மூன்றில் வந்தார். தங்கை செத்துவிட்டதாக அச்சாகியிருக்கிறதே என்று பதறி வந்தாரா? மர்ஹூமா என்ற சொல்லைப் பற்றி அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அந்த வரியை மொத்தமா எடுத்துரு. மர்ஹூமாவும் போச்சு, பேச்சும் போச்சு." அந்த ஒரு சொல்லை எடுத்தால் அவள் பிழைத்துக்கொள்வாள். சொல்லோடு பேரையும் சேர்த்து எடுத்தால் என்ன ஆவாள் என்று எந்தப் பாக்கெட்டிலும் போடவில்லை. நெற்றியில் ஒரு சொட்டு இறங்கியது. துண்டால் ஒற்றினாள். குளிர்ச்சி உச்சந்தலையிலிருந்து காதுக்குப் பின்னால் மெதுவாக இறங்கி வருவது, யாரோ வேண்டியவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

பேரை வைத்தது வாப்பா. வாப்பாவுக்குப் பாதுஷாக்கள் கதை என்றால் சோறு வேண்டாம். ஜஹாங்கீர் பாதுஷாவின் பீவி நூர்ஜஹான், அந்த நூர்ஜஹானுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் மெஹருன்னிசா, பெண்களில் சூரியன் என்று அர்த்தம். அத்தனை பெரிய பேரை வைத்துவிட்டு வாப்பாவே ஒரு நாளும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, சின்னப்புள்ளே என்றுதான் கூப்பிட்டார். உம்மாவுக்கு அவள் 'ஏட்டி'. கலியாணத்துக்குப் பிறகு மச்சானுக்கு 'இந்தா'. நல்ல மனுஷன், கொழும்பிலிருந்து வாரத்துக்கு ஒரு கடிதம் தவறாமல் போட்டார், உள்ளே அன்புள்ள மனைவிக்கு, வெளியே காக்காவின் பேரும் விலாசமும். நஃபீலா பிறந்ததும் நஃபீலா உம்மா ஆனாள், அதிலாவது ஒரு பேர் இருந்தது, அவளுடையது இல்லை என்பதைத் தவிர. அந்தப் பேரை அதன் நீளத்துக்குச் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள் தூத்துக்குடி கான்வென்ட்டில் ஹிஸ்டரி எடுத்த பெர்னதெத் மிஸ். அட்டென்டன்ஸ் எடுக்கும்போது மேரி, மெர்சி என்று மழை மாதிரி கொட்டிக்கொண்டே வருவார், இவளிடம் வந்ததும் மூச்சு எடுத்துக்கொண்டு மெ, ஹ, ருன், னி, சா என்று படி ஏறுவது போல ஏறுவார். பிரசன்ட் மிஸ். இருக்கிறேன் மிஸ். நீ இல்லை என்று யாரும் சொல்லவில்லை அப்போது. முகலாயர் பாடம் வந்தபோது மிஸ் புத்தகத்தை மூடி வைத்துவிட்டார். பாரசீகத்திலிருந்து ஓட்டாண்டியாய்க் கிளம்பிய குடும்பம், வழியில் கொள்ளை போய், கந்தஹார் பக்கம் பிறந்த பிள்ளையைத் தூக்கிப் போக வகையில்லாமல் மரத்தடியில் போட்டுவிட்டு நடந்தார்களாம், அப்புறம் மனசு கேட்காமல் திரும்பி வந்து எடுத்தார்களாம், இது கதையாகவும் இருக்கலாம் பிள்ளைகளே என்று மிஸ் சொன்னார். கதையாக இருந்தால் என்ன, போட்டுவிட்டுப் போனது மட்டும் கதை மாதிரித் தோன்றவில்லை. அந்தப் பிள்ளைதான் நூர்ஜஹான்; வளர்ந்து, ஒரு புருஷனைப் பறிகொடுத்து, கையில் ஒரு மகளோடு அரண்மனைக்கு வந்து, முப்பத்து நாலு வயதில் பாதுஷாவைக் கட்டினாள். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து தர்பார் நடத்தினாள். பாதுஷா முதுகில் அவள் கை இருக்கும்வரை அவர் பேசுவார், கையை எடுத்தால் பேச்சு நின்றுவிடும் என்று வெளிநாட்டுக்காரர்கள் எழுதி வைத்தார்களாம். பேகத்தின் திரை பட்டாக இருந்திருக்கும். இந்தத் திரை கோ-ஆப்டெக்ஸ், அதுவும் தள்ளுபடியில் எடுத்தது, துவைத்துச் சுருங்கி, அடியில் ஹாலில் இருக்கிற காக்காவின் செருப்பு போடாத கால் தெரிகிறது. பெருவிரல் ஆடுகிறது. கோபம் இறங்கவில்லை.

ஆனுவல் டே அன்றைக்கும் அந்தக் கால் இப்படித்தான் ஆடியிருக்கும். எட்டாம் வகுப்பு. பேர் பொருத்தத்துக்காகவே மிஸ் அவளுக்குப் பேகம் வேஷம் கொடுத்தார். நாலு பெஞ்சை அடுக்கி, மேலே ஜமக்காளம் போட்டு யானை. தளபதி மகாபத்கான் பாதுஷாவைச் சிறை பிடித்து வைத்திருக்கிறான், பேகம் யானை மேல் ஏறி ஜீலம் ஆற்றைக் கடந்து சண்டைக்குப் போகிறாள், மடியில் கைக்குழந்தை, மகளுடைய குழந்தை என்றார் மிஸ், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாதியின் கையில் அம்பு பாய்கிறது. குழந்தைக்கு மெர்சியின் பொம்மை, அதற்கு ஒரு கண் கிடையாது. வசனம் ஒன்றே ஒன்று. யானையைத் திருப்பாதீர்கள். அதற்கு மூன்று வாரம் ஒத்திகை. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை, எப்படியோ காக்காவுக்குத் தெரிந்துவிட்டது. பதினெட்டு வயது, மீசை அப்போதுதான், பஸ் பிடித்து கான்வென்ட் கேட்டுக்கு வந்து நின்றார், எங்க வீட்டுப் புள்ளை மேடை ஏறாது, வெளியே அனுப்புங்க என்று. வாட்ச்மேன் கேட்டான், "எந்தப் புள்ள?" "எங்க வீட்டுப் புள்ள." "பேரு என்ன தம்பி?" காக்கா வாப்பா பேரைச் சொன்னார். "வாப்பாவா இங்க படிக்காரு? உள்ள எண்ணூறு புள்ளைக இருக்கு, பேரைச் சொல்லு, கூப்பிட்டு விடுதேன்." வேற்று ஆண் ஒருவன் முன்னால், நடுத்தெருவில், தங்கச்சி பேரை வாயால் சொல்வதா. சொல்லவில்லை. முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றார், சொல்லவில்லை. உள்ளே மெஹருன்னிசா யானை மேல் ஏறி, ஒற்றைக்கண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, யானையைத் திருப்பாதீர்கள் என்று கத்தி, கைதட்டு வாங்கி, இறங்கி, மிட்டாயும் தின்றுவிட்டாள். வாட்ச்மேன் மறுநாள் சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை இது. ஒரே ஒரு பேரைச் சொல்லியிருந்தால் நாடகத்தை நிறுத்தியிருப்பார் காக்கா. வீட்டுக்கு வந்து விழுந்த அடி இப்போது ஞாபகத்தில் இல்லை. கைதட்டு இருக்கிறது.

அண்ணன் வேஷம் ஜெசிந்தாவுக்கு. ஆஸஃப்கான், பேகத்தின் கூடப்பிறந்த அண்ணன், அத்தனை அதிகாரமும் தங்கச்சி கை காட்டி வந்தது, ஆற்றங்கரையில் அம்பு பறக்க ஆரம்பித்ததும் அட்டோக் கோட்டைக்குள் ஓடி ஒளிந்துகொண்டான். ஜெசிந்தா ஓடுகிற வேகத்தில் படுதா தடுக்கி விழுந்தாள், அதற்கும் கைதட்டு. அப்புறம் பாதுஷா கண்ணை மூடியதும் அந்த அண்ணன் தங்கச்சியைக் கூடாரத்தில் காவல் போட்டு வைத்துவிட்டு மருமகன் ஷாஜஹானுக்குப் பட்டம் கட்டினான். மகள் அர்ஜுமந்தின் புருஷன் ஆயிற்றே. அவளுக்குத்தான் தாஜ்மஹால். காக்காவும் கெட்டவர் இல்லை, அதுதான் தொந்தரவு. மச்சானின் மையித்துப் பெட்டி கொழும்பிலிருந்து வருகிறவரை விமான நிலையத்தில் இரண்டு நாள் சாப்பிடாமல் நின்றவர் அவர், நஃபீலா காலேஜ் சேருகிறபோது வரிசையில் நின்றவர் அவர், இந்தக் கலியாணத்துக்குப் பந்தல்காரனிடமிருந்து பிரியாணி மாஸ்டர்வரை பேசி முடித்தவரும் அவரேதான். ஆனால் ஆறு மாதமாக அவர் வாயில் வருவது அவர் பேச்சு இல்லை. அவர் மருமகன் தல்ஹாவின் பேச்சு. வடை மடிப்பான், எண்ணெய் ஒத்துவான் என்று காக்காவுக்கு யோசிக்கத் தெரியாது, அது தல்ஹா வெள்ளிக்கிழமை மத்தியானம் மாமனார் வீட்டில் விரால் மீன் முள் எடுத்துக்கொண்டே சொன்னதாக இருக்கும். மருமகன் முகம் கோணினால் மகள் வீட்டில் கண் கலங்கும், மகள் கண் கலங்கினால் காக்காவுக்குச் சோறு இறங்காது. நியாயம்தான். ஆஸஃப்கானுக்கும் நியாயம் இருந்திருக்கும். ஆக்ராவுக்கு மச்சான் கூட்டிப்போனபோது தாஜ்மஹாலில் எள் விழ இடமில்லை. ஆற்றுக்கு அக்கரையில் பேகம் தன் உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் கட்டிய கபுர்க்கட்டடம் இருக்கிறது, பளிங்கில் பூவேலை, அதையும் பார்த்துவிடலாம் என்றாள். இந்தா, வெயில் கொளுத்துது, அங்க என்ன இருக்கு என்றார் மச்சான். பாலத்தின் மேல் ஆட்டோவில் போகும்போது எட்டிப் பார்த்தாள், மரங்கள்தான் தெரிந்தன. பந்தல் வாசலில் காக்கா இல்லாமல் யார் நிற்பது? மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்குவார்கள், தாய்மாமா எங்கே என்று முதலில் அதைத்தான் கேட்பார்கள். கேட்டால் என்ன சொல்வது, ஒரு சொல்லுக்காகக் கோபித்துக்கொண்டு வீட்டில் இருக்கிறார் என்றா? நஃபீலாவோ, டெய்லர் கடைக்குப் போகிறபோது சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள். "உம்மா, கடுதாசியை யாரும்மா படிக்கா? நான் வாட்ஸ்அப்புல அழகா அனுப்பிட்டேன்." அதிலும் இவள் பேர் இல்லை. கேட்டதற்கு, "அய்யோ, மறந்துட்டேன்மா" என்றாள். வேண்டுமென்று செய்கிற காக்காவையாவது திட்டலாம்.

வீடு யார் பேரில் இருக்கிறது? இந்த ஊரில் வீடு பொம்பளைக்கு, மாப்பிள்ளைதான் வந்து ஏறுவார். பத்திரத்தில் மெஹருன்னிசா, தீர்வை ரசீதில் மெஹருன்னிசா, கரண்டு பில்லில் கூட. சார்பதிவாளர் வேற்று ஆண்தான், சத்தமாகத்தான் வாசித்தார், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் காக்காதான். சுவருக்குப் பேர் ஆகும், காகிதத்துக்கு ஆகாதா? பேகம் பேரில் காசே அடித்தார்கள். பொன்னில், பாதுஷா பேரோடு அவள் பேரும். கசாப்புக்கடைக்காரன் கையில் போயிருக்கும், குதிரைக்காரன் மடியில் போயிருக்கும், எச்சில் விரலால் எண்ணியிருப்பார்கள், கீழே விழுந்து எவனாவது மிதித்தும் இருப்பான். எந்த மானமும் போகவில்லை. மருமகன் ஷாஜஹான் பட்டத்துக்கு வந்ததும் அந்தக் காசுகளைத் திரும்ப வாங்கச் சொன்னானாம், மிஸ் சொன்னார். தல்ஹா அப்போதும் இருந்திருக்கிறான். ஆனால் ஒன்று, காசில் அடித்த பேர் நூர்ஜஹான். அது பாதுஷா வைத்த பட்டம், உலகத்தின் ஒளி. மெஹருன்னிசா எங்கே போனாள்? மரத்தடியில் போட்டுவிட்டுப் போன பிள்ளைக்கு வைத்த பேர், அதை ஒரு காசிலும் காணோம். அத்தனை அதிகாரம் இருந்தும் சொந்தப் பேரை அடிக்க அவளுக்குத் தோன்றவில்லையா, தோன்றிக் கேட்டு முடியாது என்றார்களா, அல்லது கேட்கிற அளவுக்கு அவளைத் தெரிந்தவர்கள் யாரும் மிச்சமில்லையா? கடைசிப் பதினெட்டு வருஷம் லாகூரில் வெள்ளைத் துணியில் இருந்தாளாம், கூட மகள் லாட்லி, அவளும் புருஷனைப் பறிகொடுத்தவள். இரண்டு பேரும் ஒரே கட்டடத்தில் அடங்கியிருக்கிறார்கள். பக்கத்திலேயே இருக்கிற பாதுஷாவின் கபுருக்கும் அவள் கபுருக்கும் நடுவில் பின்னாளில் ரயில்பாதை போட்டுவிட்டார்கள், யூடியூபில் எவனோ காட்டினான். அந்த இரண்டு பெண்களும் ஒரே வீட்டில் தனியாக இருந்த சாயங்காலங்களில் ஒருத்தியை ஒருத்தி எப்படிக் கூப்பிட்டிருப்பார்கள்? உம்மா என்று அவள், செல்லமே என்று இவள். அங்கேயும் பேர் இல்லை. மெஹருன்னிசாவுக்குத் திடீரென்று கோபம் வந்தது, காக்கா மேல் இல்லை, பேகத்தின் மேல். புலி சுட்டாயே, யானை ஏறினாயே, ஒரு தடவை வாய் திறந்து கேட்டிருக்கக் கூடாதா நீ.

பள்ளிவாசல் மைக்கில் ஊதிப் பார்க்கிற சத்தம் கேட்டது. மோதினார் எப்போதும் இரண்டு தடவை ஊதிவிட்டுத்தான் பாங்கு சொல்வார், ஒரு தடவை ஊதியாகிவிட்டது. பேனா தேடினாள். முக்காலியைச் சுற்றி மருதாணிக் கிண்ணம், சீப்பு, போன், பேனா இல்லை. பேனா ஹாலில், காக்காவின் சட்டைப் பையில். புரூஃபை முழங்காலில் விரித்தாள். சுட்டுவிரலில் இன்னும் ஈரமாக இருந்த மருதாணியை மர்ஹூமா என்ற சொல்லின் தலையில் வைத்து, வால்வரை ஒரே இழுப்பாக இழுத்தாள். சொல் பச்சைக்குள் முங்கியது. பக்கத்தில் இருந்த பேர்மேல் ஒரு துளி படவில்லை. காக்காவின் பேர் கீழே, அழைப்பவர் என்ற இடத்தில், இருந்தபடி இருந்தது. அதை அவள் எடுக்கப் போவதில்லை, எடுக்க வேண்டுமென்றால் அவரே போன் போட்டு எடுக்கட்டும். விரல் முட்டியால் போனைத் திறந்து படம் பிடித்து அனுப்பி, பிரஸ்ஸுக்குப் போன் போட்டாள். குரலைத் தணிக்கவில்லை, திரைக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும். "அண்ணாச்சி, படம் வந்துதா? பச்சை பூசின சொல்லை மட்டும் எடுத்துருங்க. மத்த எல்லாம் இருக்கட்டும். ஏத்திருங்க." அண்ணாச்சி, "காக்காகிட்டயும் ஒரு வார்த்தை…" என்று இழுத்தார். "கேட்டுக்கிட்டுத்தான் இருக்காஹ. ஏத்துங்க." வைத்தாள். இரண்டாவது தடவை ஊதினார் மோதினார். பாங்கு தொடங்கி, முழுக்கச் சொல்லி, முடிந்தது. தலையில் மருதாணி காய்ந்து இழுத்தது. திரைக்கு அடியில் பார்த்தாள். பெருவிரல் ஆடவில்லை. நாற்காலி கிறீச்சிடவும் இல்லை, செருப்பைத் தேடவும் இல்லை. எழுந்து போயிருந்தால் சண்டை முடிந்திருக்கும். அவர் இருக்கிறார்.

"காக்கா," என்றாள். "பிரஸ்ஸுல எல்லாரும் படிச்சிருவாஹ இப்ப. வடை மடிக்கிறவனும் படிப்பான். அதுக்கு முந்தி நீங்க ஒரு தடவை. யாரும் இல்லை, நானும் நீங்களும்தான், நடுவுல திரை வேற இருக்கு." மின்விசிறி டக் என்றது. மறுபடியும் டக் என்றது. ஒரு சொட்டு நெற்றியிலிருந்து புருவத்துக்கு இறங்கியது, அவள் துடைக்கவில்லை. "கான்வென்ட் கேட்டுல அன்னைக்கு அந்த வாட்ச்மேன் கேட்டானே. அதையே நான் கேக்கிறேன். என் பேரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிடுங்க காக்கா."